இடது வண்டி, வலது வண்டி

ஆம்பூரில் ஆண்கள் இரண்டு விஷயத்துக்காகத்தான் தொண்டை கிழியச் சண்டை போடுவார்கள் என்பாள் கௌசர். ஒன்று, எந்தக் கடை பிரியாணி நல்லது என்பது. இன்னொன்று, எவன் வண்டி பெரிது என்பது. அவளுடைய அண்ணன் ஜியாவுல்லாவும் அவனுடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் ஜெயப்பிரகாஷும் முதல் விஷயத்தில் எப்படியோ சமாதானமாகிவிட்டார்கள். இரண்டாவது மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டீக்கடை வாசலில் நடந்துகொண்டிருந்தது.

ஜியாவுல்லாவிடம் இருந்தது கறுப்பு தார், நான்கு சக்கரமும் இழுக்கும் பெரிய டீசல் ஜீப். தோல் ஷெட் வைத்திருப்பவன் என்பதால் சும்மா இருக்க முடியாமல், தன் ஷெட்டிலேயே பதம் செய்த மாட்டுத் தோலில் இருக்கைகளுக்கு உறை தைத்துப் போட்டிருந்தான். ஜெயப்பிரகாஷ் ஒடுகத்தூரில் வேர்க்கடலை பயிர் செய்கிறவன். அவனிடம் மஞ்சள் ஜிம்னி, அதே வகையில் சின்ன வண்டி. இருக்கைகளின் மேல் இரண்டு பழைய குளியல் துண்டு. "உன்னுது வண்டி இல்லடா, கடலை டப்பா" என்பான் ஜியாவுல்லா. "உன்னுது எருமை. சந்துல திரும்புறதுக்குள்ள சாயந்தரம் ஆய்டும்" என்பான் ஜெயப்பிரகாஷ். கேட்டுக்கொண்டிருக்கும் டீக்கடைக்காரருக்கு மட்டும்தான் இதில் லாபம்.

கௌசர் இந்தச் சண்டையில் தலையிட்டதே இல்லை. அவளுக்குத் தலைக்கு மேல் வேலை இருந்தது. ஷூ கம்பெனியிலிருந்து வெட்டிய தோல் அப்பர்களை வாங்கி, சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்களிடம் கைத்தையலுக்குக் கொடுத்து, தைத்ததைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் தொழில். ஷூவின் மேல்பாகத்துக்குத்தான் அப்பர் என்று பெயர். முன்மூக்கில் வரிவரியாகச் சுருக்கம் வைத்துத் தைக்கும் அந்தத் தையலை மெஷினால் போட முடியாது, கைதான் போட வேண்டும். அவளுடைய பழைய ஆம்னி வேன் சமவெளி ஊர்களுக்கெல்லாம் போய் வரும். மலைக்கு மட்டும் ஏறாது.

மலைமேல் நெல்லிக்கொல்லையில்தான் இப்போது அவள் மனசு இருந்தது. அந்த ஊர்ப் பெண்கள் சிலர் தினமும் கீழே இறங்கி வந்து, ஒடுகத்தூரில் அவள் எடுத்திருந்த வாடகை அறையில் தையல் கற்றுக்கொண்டார்கள். அதில் மோகனா என்ற பெண்ணின் கை, இருபது வருடம் தைத்தவர்களின் கையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் கற்றுக்கொண்டு என்ன பயன்? வருடா வருடம் குடகு காப்பித் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க மேஸ்திரியின் ஜீப் மலைக்கு வரும். ஏறினால் ஆறு ஏழு மாதம் கழித்துத்தான் திரும்ப முடியும். இந்த வருடம் திங்கட்கிழமை வருவதாகத் தகவல்.

"வேலை மேல வந்துச்சுன்னா நான் போமாட்டேன்கா" என்று மோகனா தெளிவாகச் சொல்லியிருந்தாள். "வரலைன்னா ஏறிடுவேன். புள்ளைய எங்க மாமியார்கிட்ட வுட்டுட்டுப் போவணும். போன தடவ திரும்பி வந்தப்போ அது என்னை அடையாளம் தெரியாம ஓடிச்சு."

கம்பெனி மேனேஜர் தானியேல் கெட்டவர் இல்லை, கறாரானவர். "மழை நாள்ல சரக்கு மேல போய் வரணும் மேடம். சனிக்கிழமை நானே கூட வர்றேன். என் கண்ணு முன்னாடி ஒரு ஜோடி தைச்சுக் குடுக்கட்டும். முடிஞ்சா மொத்த லாட் சரக்கும் மலைக்கு. முடியலன்னா அந்த ஊரை மறந்துடுங்க" என்றார்.

ஆக, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்று வேண்டும். வாங்குவதென்று கௌசர் முடிவு செய்த செய்தி டீக்கடைக்கு எட்டியதுதான் தாமதம், இரண்டு ஆண்களும் அவள் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"தார் வாங்கு. கண்ண மூடிக்கிட்டு வாங்கு" என்றான் ஜியாவுல்லா.

"கண்ண மூடிக்கிட்டு வாங்குனா தார், தெறந்துக்கிட்டு வாங்குனா ஜிம்னி" என்றான் ஜெயப்பிரகாஷ்.

"ரெண்டு பேரும் சனிக்கிழமை வண்டிய எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள் கௌசர். "ஒரே ரோடு, ஒரே பாரம். எது மேல கொண்டுபோய்ச் சேர்க்குதோ, அது மாதிரி வாங்குறேன்."

சனிக்கிழமை காலை கம்பெனி வாசலில் முதல் தகராறு பாரத்தில் வந்தது. யார் வண்டியில் எவ்வளவு ஏற்றுவது? தன் வண்டிக்கு அதிகம் ஏற்றச் சொன்னான் ஜியாவுல்லா, பலத்தைக் காட்ட. அப்புறம் தோற்றால் பாரத்தின் மேல் பழி போடுவான் என்றான் ஜெயப்பிரகாஷ். தராசு கொண்டுவரலாமா என்கிற அளவுக்குப் போனபோது கௌசருக்கு ஒரு யோசனை பளிச்சென்று உதித்தது.

கம்பெனியில் இடது அப்பர்களை ஒரு பக்கமும் வலது அப்பர்களை ஒரு பக்கமும் தனித்தனிப் பெட்டிகளில் அடுக்குவார்கள். "எடதெல்லாம் ஒரு வண்டி, வலதெல்லாம் ஒரு வண்டி. ஒரு கிராம் வித்தியாசம் வராது" என்றாள்.

எல்லோரும் அசந்துபோனார்கள். "ஷாபாஷ்!" என்றான் ஜியாவுல்லா. தானியேலே தலையாட்டி ரசித்தார். இடதுகள் ஜிம்னியில் ஏறின, வலதுகள் தாரில் ஏறின. காலம் முழுக்கச் செருப்பும் ஷூவுமாகப் புழங்குகிறவர்களுக்கு மட்டும்தான் அப்படி ஒரு யோசனை தோன்றும். அதில் இருந்த ஓட்டையும் அவர்களுக்கு மட்டும்தான் தெரியாமல் போகும்.

ஒடுகத்தூர் வரை ஜிம்னியைக் கௌசர் ஓட்டினாள். ஆம்பூர்க் கடைத்தெருவில் ஆட்டோவும் தள்ளுவண்டியும் பள்ளிக்கூட வேனும் முட்டிக்கொண்டு நிற்கும் நேரம். ஸ்டியரிங் விரல் நுனிக்குச் சொன்னபடி கேட்டது. அவளுடைய வேனே இரண்டு முறை முன்னும் பின்னும் போய்த் திரும்பும் சந்தில், இது ஒரே வீச்சில் திரும்பியபோது அவளையறியாமல் சிரித்துவிட்டாள். முன்பக்கம் தட்டையாக, நாலு மூலையும் கண்ணுக்குத் தெரிந்தது. மாதனூரில் நெடுஞ்சாலையை விட்டு ஒடுகத்தூர்ச் சாலைக்குள் நுழைந்ததும், பள்ளம் மேடுகளில் சின்ன உடம்போடு துள்ளித் துள்ளி ஓடியது. வேகமாக மிதித்தால் பெட்ரோல் இஞ்சின் கொஞ்சம் சத்தம் போட்டது, அவ்வளவுதான். பின்னால் பெட்டிகளை அடுக்க மட்டும் பின் இருக்கையை மடக்க வேண்டியிருந்தது.

"எப்படி?" என்றான் பக்கத்தில் இருந்த ஜெயப்பிரகாஷ், தன் மகளுக்குப் பரீட்சை ரிசல்ட் கேட்கிறவன் மாதிரி.

"நல்லாருக்கு அண்ணா. ரொம்ப நல்லாருக்கு."

ஒடுகத்தூரில் வண்டி மாறினாள். ஜிம்னியில் ஜெயப்பிரகாஷும் தானியேலும். தாரை அவள் ஓட்ட, பக்கத்தில் அண்ணன். மலைப்பாதை தொடங்கியது. என்ன ஒரு வண்டி! அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது வழியில் கிடந்த கல்லெல்லாம் கடுகாகத் தெரிந்தது. ஆக்சிலேட்டரில் கால் பட்டதும் எங்கிருந்தோ ஒரு பெரும் பலம் கிளம்பி, அவசரமே படாமல், வண்டியை மேலே தள்ளிக்கொண்டு போனது. வேனில் கிளட்சும் கியருமாக மல்லுக்கட்டிய தன் பன்னிரண்டு வருடத்தை நினைத்து அவளுக்கு அழுகையே வந்தது. அண்ணன் பீற்றிக்கொண்டதில் பொய் ஒன்றும் இல்லை என்று மனசுக்குள் ஒப்புக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்லவில்லை, சொன்னால் அவனைக் கையில் பிடிக்க முடியாது.

முந்தின நாள் பெய்த மழையில் பாதி மலையில் காட்டாறு ஓடிக்கொண்டிருந்தது. தார் முழங்கால் தண்ணீரை மதிக்காமல் இறங்கி ஏறியது. ஜெயப்பிரகாஷ் வண்டியை நிறுத்தி, இறங்கி, குச்சியால் குத்திப் பார்த்து, மேல்பக்கத்தில் பாறைத் தளமாக இருந்த இடத்தில் மெல்லக் கடந்தான். ஜியாவுல்லா பக்கக் கண்ணாடியில் அதைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடுத்த வளைவு வரைதான் நிலைத்தது.

வளைவில் மேலிருந்து உருண்டு வந்த பாறை ஒன்று பாதைக்குள் உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு. கௌசர் இறங்கி, துப்பட்டாவால் இடைவெளியை அளந்து ஒரு முடிச்சுப் போட்டாள். தாரின் முகத்தில் வைத்துப் பார்த்தாள். அரைச் சாண் குறைந்தது. பின்னால் வந்து நின்ற ஜிம்னியில் வைத்தாள். நாலு விரல் மிச்சம் இருந்தது.

ஜியாவுல்லா தாரைப் பின்னால் எடுத்து ஒதுங்கி வழிவிட்டான். ஜெயப்பிரகாஷ் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு, பாறையை முத்தமிடாத குறையாக நழுவி மறுபக்கம் போய் ஹாரன் அடித்தான். கல்யாண வீட்டு மேளம்கூட அத்தனை நேரம் கேட்காது. கௌசர் ஓடிப்போய் ஜிம்னியில் பின்னால் பெட்டிகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஏறினாள். "பாய், இங்கயே இருங்க, வந்துடறோம்" என்று அண்ணனைப் பார்த்துக் கத்தினாள். ஜியாவுல்லா தன் வண்டியின் பானெட்டைத் தடவிக்கொண்டிருந்தான்.

நெல்லிக்கொல்லையில் பெண்கள் பாய் விரித்து, நூலுக்கு மெழுகு தேய்த்து, ஊசியோடு காத்திருந்தார்கள். ஜெயப்பிரகாஷ் ஜெயித்த களிப்பில் பெட்டிகளைத் தானே இறக்கினான். மோகனா முதல் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்தாள். இன்னொன்றை எடுத்தாள். அடுத்த பெட்டியைத் திறந்தாள்.

"அக்கா, இன்னா இது? எல்லாமே எடது காலு."

கௌசர் ஓடி வந்து மிச்சப் பெட்டிகளையும் திறந்து பார்த்தாள். ஒரே தோலில் பக்கத்துப் பக்கத்தில் வெட்டி, ஒரே எண் போட்ட இடதும் வலதும்தான் ஜோடி. ஒரு ஜோடியை ஒரே கைதான் தைக்க வேண்டும், கை மாறினால் இழுப்பு மாறும், இரண்டு காலும் இரண்டு ஷூ மாதிரி தெரியும். இதை இந்தப் பெண்களுக்கு ஓயாமல் சொல்லிக்கொடுத்தவள் அவள். அந்த வாயால்தான் காலையில் இடது ஒரு வண்டி, வலது ஒரு வண்டி என்று சொல்லியிருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நானும் பாத்துக்கிட்டுத்தானே மேடம் நின்னேன்" என்றார் தானியேல் சங்கடத்தோடு. "ஆனா ஜோடி இல்லாம நான் இன்னா பண்றது? ஒத்தைக் காலை எடுத்துக்கிட்டுப் போய் எம்.டி.கிட்ட காட்ட முடியுமா?"

மோகனாதான் முதலில் தெளிந்தாள். "நீ போய் அடுத்த காலக் கொண்டா அக்கா. நான் இத ஆரம்பிக்கிறேன்" என்று ஊசியில் நூலைக் கோத்தாள்.

கௌசரும் ஜெயப்பிரகாஷும் தானியேலும் ஜிம்னியில் கீழே கிளம்பினார்கள். மழை பிடித்துக்கொண்டது. பாறையருகே தார் இல்லை. டயர்த் தடம் கீழ்நோக்கிப் போயிருந்தது. மலைமேல் போனில் சிக்னல் கிடையாது. காட்டாற்றுக்கு வந்து பார்த்தால், அக்கரையில் கறுப்பு தார் நின்றது. ஜியாவுல்லா ஒரு மரத்தடியில் நனைந்துகொண்டு நின்றான். நடுவில், காலையில் முழங்காலுக்கு ஓடிய தண்ணீர் இப்போது கலங்கலாக, தொடைக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாத்துக்கு அந்தப் பக்கம் போனீங்க?" என்று கத்தினாள் கௌசர்.

"மழை ஜாஸ்தியானா மாட்டிக்குவோம்னு வந்துட்டேன்!" என்று கத்தினான் அவன். கொஞ்சம் கோபமும் இருந்திருக்கும்.

விஷயத்தைச் சொன்னதும் அவன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான். பெட்டிகளைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்து வரலாமா என்றாள் கௌசர். தானியேல் பதறினார். "கால் வழுக்கி ஒரு பெட்டி வுழுந்தா தோல் மொத்தமும் கறை. வேணவே வேணாம்."

ஜெயப்பிரகாஷ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குச்சியோடு தண்ணீரில் இறங்கினான். அடிமேல் அடி வைத்து, குத்திக் குத்திப் பார்த்து, அக்கரைக்குப் போனான். அக்கரையில் நின்று அவன் தாரைச் சுற்றி வந்தான், டயரைப் பார்த்தான், கதவின் கீழ்விளிம்புக்குப் பக்கத்தில் தன் ஈரத் தொடையை வைத்து உயரம் பார்த்தான்.

"தரை கெட்டியாத்தான் இருக்குது. என் வண்டி இதுல எறங்காது, எறக்கவும் மாட்டேன்" என்றான். "உன்னுது வரும்டா. இதுக்குன்னே பண்ண வண்டி."

இத்தனை வருட ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வாயிலிருந்து வராத வார்த்தை. ஜியாவுல்லா அதைக் கேட்டும் சந்தோஷப்படவில்லை. நண்பனிடம் நெருங்கிக் குரலைத் தாழ்த்தினான்.

"ஜேப்பீ, ஒண்ணு சொல்றேன், அந்தப் பக்கம் கேக்குற மாதிரி கத்தாத. கியர் லிவர் பக்கத்துல ஒரு குட்டி லிவர் இருக்குதே, அதை லோ பக்கம், மெதுவா ஆனா முழு பலத்தோட இழுக்குமே அந்தப் பக்கம், நான் தள்ளுனதே இல்லடா. ஷெட்டுக்கும் வீட்டுக்கும்தானே ஓட்டுறேன்."

ஜெயப்பிரகாஷ் சிரிக்க வேண்டிய இடம். அவன் சிரிக்கவில்லை. "வண்டிய நிறுத்தி நியூட்ரல் போடு. இப்போ குட்டி லிவர இழு. பயப்படாத, கட்டியா இழு. ஆங். இனிமே முதல் கியர்லயே வா. நிறுத்தாத, கிளட்ச மெதிக்காத. நான் முன்னாடி நடக்குறேன், என் முதுகையே பாத்துக்கிட்டு வா."

அப்படித்தான் வந்தார்கள். முன்னால் ஜெயப்பிரகாஷ், தொடைமட்டத் தண்ணீரில், ஒரு கையைப் பின்னால் நீட்டி வா வா என்றபடி. பின்னால் கறுப்பு தார், நடக்கிற மனிதனின் வேகத்தில், முன்பம்பர் தண்ணீரைப் பிளந்து இரண்டு பக்கமும் ஒதுக்க, இஞ்சின் ஒரே சுருதியில் உறும, ஒரு கல்லில் ஏறி இறங்கி, சாய்ந்து, நிமிர்ந்து வந்தது. கௌசர் தன் துப்பட்டாவைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு அழகு அது! அந்த நேரத்தில் உலகத்தில் உள்ள எல்லா வண்டிகளிலும் தன் அண்ணனின் வண்டிதான் அழகு என்று அவளுக்குத் தோன்றியது. கரையேறி நின்றதும் கதவு திறந்தது. ஜியாவுல்லா இறங்கி ஜெயப்பிரகாஷைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள்.

"பாத்தியாடா எருமைய?" என்றான் ஜியாவுல்லா.

"பாத்தேன். இப்போ அந்தப் பாறையாண்ட போய் நில்லு, எருமை திரும்பவும் முழிக்கும்" என்றான் ஜெயப்பிரகாஷ். சமாதானம் அவ்வளவு நேரம்தான்.

வலது பெட்டிகள் தாரிலிருந்து ஜிம்னிக்கு மாறின. பெட்டிகள் போக, இடுக்கிக்கொள்ளாமல் உட்கார இடம் இரண்டு பேருக்குத்தான். கௌசர் ஓட்டினாள், தானியேல் பக்கத்தில். மற்ற இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு, மழையில், வாக்குவாதம் செய்துகொண்டே நடந்து வந்தார்கள். பாறையருகே கண்ணாடிகளை மடக்கி, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, கௌசர் ஜிம்னியை நுழைத்தாள். மூச்சை இழுத்தால் வண்டி ஒல்லியாகாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் இழுத்தாள்.

மோகனா இடதை முடித்து மடியில் வைத்திருந்தாள். அதே எண் போட்ட வலதைத் தேடி எடுத்து உட்கார்ந்தாள். ஊர் முழுக்கச் சுற்றி நின்று பார்த்தது. ஊசி ஏறி இறங்க, நூல் சரக்கென்று இழுபட, மூக்கில் சுருக்கம் ஒவ்வொன்றாக விழுந்தது. முடித்துக் கொடுத்ததும் தானியேல் இரண்டையும் மூக்கோடு மூக்கு ஒட்டி வைத்துப் பார்த்தார். விரலால் தையலைத் தடவிக்கொண்டே போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"எங்க ஃபேக்டரியிலேயே இப்படி ஒரு கை கெடையாதும்மா" என்றார் மோகனாவிடம். அப்புறம் கௌசரிடம், "லாட் முழுசும் இங்கயே இருக்கட்டும் மேடம். புதன்கிழமை அடுத்தது அனுப்புறேன்."

கௌசருக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்க முயற்சி செய்யவில்லை.

நடந்து வந்து சேர்ந்திருந்த இரண்டு ஆண்களுக்கும் அதெல்லாம் கேட்கவில்லை. "சரி, எது வாங்கப் போற?" என்றார்கள் ஒரே குரலில்.

"ஜிம்னி" என்றாள். ஜெயப்பிரகாஷ் கை தட்டினான். "தினமும் நான் ஓட்டுறது ஆம்பூர்ச் சந்து. வாரத்துல ரெண்டு நாள் இந்தப் பாறை. ரெண்டுத்துலயும் நுழையுறது இதுதான்."

"அப்போ மழைக்கு? ஆத்துல தண்ணி வந்தா?" என்றான் ஜியாவுல்லா பரிதாபமாக.

"மழைக்கு எங்க பாய் இருக்காரு. ஆத்துச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டுச்சு, அவருக்கு இப்போ குட்டி லிவர் போடத் தெரியும்."

ஜியாவுல்லா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மழை விட்டு ஆற்றில் தண்ணீர் வடிந்ததாக ஆள் வந்து சொன்னதும் கிளம்பினார்கள். தானியேல் தைத்த ஜோடியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். நிமிர்த்திய பின் இருக்கையில் நண்பர்கள் இருவரும் முட்டி இடிக்க உட்கார்ந்து அந்த இட நெருக்கடியைப் பற்றியும் சண்டையைத் தொடங்கினார்கள். கௌசர் சாவியைக் கையில் எடுத்தபோது, மோகனாவின் மாமியார் கோவிந்தம்மாள் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தாள். பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். பெட்டிகள் இருந்த இடத்தில் அந்த இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை.

"எங்க ஊராளுங்க யாரும் ஏறலையா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. ஏன்?"

"மேஸ்திரி ஜீப்பு வர்றப்போ காலியா வரும், போறப்போ ஆளுங்க ரொம்பிப் போவும். எங்க வூட்டுக்காரரு அப்படித்தான் போனாரு. மவனும் இப்போ அங்கதான் கீறான்." கோவிந்தம்மாள் வண்டியின் மஞ்சள் கதவை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினாள். "இது ரொம்பி வந்துட்டு, காலியா போவுதே."

அவளுக்குப் பின்னால், வீட்டு வாசலில் மோகனா குடகுக்குக் கட்டி வைத்திருந்த துணி மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மூட்டை கட்டிய பழைய சேலையை உதறி, மண் படாமல் இருக்க அப்பர் பெட்டிகளின் மேல் போர்த்தினாள். அவள் மகள் சேலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கௌசருக்குச் சாவித் துவாரம் சரியாகத் தெரியவில்லை. இரண்டாவது முறைதான் சாவி உள்ளே போனது.